மாஸ்கோல ஒரே ஒரு நாள்: கீழ ஸ்டேஷனா, மேல சதுக்கமா?

ஊர்சுத்தி:
மாஸ்கோல எங்களுக்கு ஒரு நாள்தான் கிடைக்குது. ப்ளோஷ்சத் ரெவல்யூட்சீ, அதாவது புரட்சிச் சதுக்கம்ங்கிற மெட்ரோ ஸ்டேஷன்ல எறங்கி நேரா மேல போய் சிவப்புச் சதுக்கம், செயின்ட் பேசில் சர்ச், கும் மால், முடிஞ்சா கிரெம்ளின், இதான் என் பிளான். கூட வர்ற நண்பன் ஸ்டேஷனுக்குள்ளயே ஒரு மணி நேரம் வேணும்ங்கிறான், அது போதாதுன்னு இன்னும் மூணு ஸ்டேஷன் எறங்கி ஏறணுமாம். அவ்ளோ செலவு பண்ணி போயிட்டு பிளாட்பாரத்தயா வேடிக்கை பாக்கறது? நீங்களே சொல்லுங்க.

கருங்கல்:
நண்பர் சொல்றதுதான் சரி. அந்த ஸ்டேஷன் 1938ல திறந்தது, டிசைன் பண்ணவர் துஷ்கின். வளைவுக்கு வளைவு ரெண்டு பக்கமும் மனிசன் சைசுல வெண்கலச் சிலை, மொத்தம் 76, எல்லாம் மனீசர்ங்கிற சிற்பி செஞ்சது. ஒரு முனைல ஆரம்பிச்சு நடந்தீங்கன்னா 1917 புரட்சில துப்பாக்கி பிடிச்ச ஆளு, மாலுமி, அப்புறம் இஞ்சினியர், கோழி வளக்கற பொண்ணு, படிக்கிற மாணவி, விளையாட்டு வீரர், கொழந்தயோட அப்பா அம்மான்னு 20 வருச கதை வரிசையா வரும். இத பிளாட்பாரம்னு சொல்றீங்களே!

வெயில்காயி:
கதை இல்ல கருங்கல், விளம்பரம். அரசாங்கம் தன்னப் பத்தி தானே சொல்லிக்கிட்டது. அந்த வளைவு தாழ்வா இருக்கறதால சிலைங்க முக்கால்வாசி குனிஞ்சோ உக்காந்தோ மண்டி போட்டோதான் இருக்கும். சோவியத் மக்கள்ல பாதிப்பேர் ஜெயிலுக்குள்ள உக்காந்திருக்காங்க, மீதிப்பேர் முட்டி போட்டிருக்காங்கன்னு அந்த ஊர்க்காரங்களே ஜோக் சொல்வாங்க. ஊர்சுத்தி, நீங்க மேல போங்க. 1550கள்ல கஜான்ங்கிற ஊரப் பிடிச்சதுக்காக ராஜா நாலாம் இவான் கட்டுன பேசில் சர்ச்ச விட்டுட்டு சுரங்கத்துக்குள்ள என்ன வேலை?

மழைக்குருவி:
யாருமே நாயப் பத்தி சொல்லலயே! எல்லைக் காவலன் பக்கத்துல உக்காந்திருக்குமே, அதோட மூக்கத் தொட்டா நல்லது நடக்கும்னு நம்பிக்கை, பரீட்சைக்கு முன்னாடி காலேஜ் பசங்க வந்து தேய்ச்சிட்டுப் போவாங்க. உடம்பு கறுப்பா இருக்கும், மூக்கு மட்டும் தங்கம் மாதிரி பளபளன்னு. நான் ஓரமா நின்னு பாத்தேன், ஒருத்தர் போன்ல பேசிக்கிட்டே வேகமா வந்தார், நிக்கல, திரும்பிக்கூட பாக்கல, கை மட்டும் தானா போய் மூக்கத் தடவிட்டு வந்துச்சு, அப்படியே ரயில் ஏறிப் போயிட்டார். எனக்கு அந்த ஊர்ல மறக்காம இருக்கற காட்சி அதான்.

வெயில்காயி:
எறும்பு ஊர கல்லும் தேயும். தினமும் அத்தன கை பட்டா வெண்கலம் என்னாவும் குருவி? வேற ஊர்லேந்து வர்றவனும் செல்பி எடுத்துக்கிட்டு தேய்க்கறான், அவனுக்கு என்ன பரீட்சை?

கருங்கல்:
இதுல வெயில்காயி பக்கம் நான். தொடாம பாக்கலாம். ஒரே நாய் நாலு காப்பி வேற இருக்கு, நாலு மூக்குமே தேஞ்சிருக்கு.

மழைக்குருவி:
தேயறதுதான் அதோட அழகே. மியூசியத்துல கயிறு கட்டி வச்சா அது சாமான். இங்க 80 வருசத்துக்கு மேல ஜனங்க வேலைக்குப் போற வழில தொட்டுட்டுப் போறாங்க. 1941ல சண்டை மாஸ்கோ கிட்ட வந்தப்ப இந்த சிலைங்கள கழட்டி பத்திரமா வெளியூருக்கு அனுப்பி, 1944லதான் திருப்பிக் கொண்டாந்து வச்சாங்க. அதத் தாண்டி வந்தது ரெண்டு விரல் பட்டா அழிஞ்சிடாது.

ஊர்சுத்தி:
சரி சரி, நாய் ஓகே. ஆனா அது அஞ்சு நிமிச வேலைதான? மீதி ஸ்டேஷன்லாம் எதுக்கு? கம்யூனிஸ்ட் வரலாறு வேணும்னா சிவப்புச் சதுக்கத்துலயே லெனின் சமாதில படுத்திருக்காரு, பேர்லயே சிவப்பு இருக்கு.

கருங்கல்:
அந்தப் பேருக்கும் கம்யூனிசத்துக்கும் சம்பந்தமே இல்ல ப்ரோ. பழைய ரஷ்ய மொழில க்ராஸ்னயான்னா அழகானதுன்னும் அர்த்தம். லெனின் காலத்துக்கு ரொம்ப முன்னாடியே, 17ஆம் நூற்றாண்டுலேந்தே அந்தப் பேர் இருக்கு.
அப்புறம் நீங்க மேல வேற கீழ வேறன்னு பிரிக்கறீங்க பாருங்க, அங்கதான் இடிக்குது. 1941 நவம்பர் 6 சாயங்காலம் ஸ்டாலின் புரட்சி நாள் கூட்டத்துல பேசுனது மாயகோவ்ஸ்கயா ஸ்டேஷனுக்குள்ள, குண்டு விழும்னு பயந்து கீழ வச்சாங்க. மறுநாள் காலைல சிவப்புச் சதுக்கத்துல அணிவகுப்பு, அங்கேந்து சிப்பாய்ங்க நேரா போர்முனைக்குப் போனாங்க. அந்த அணிவகுப்புல நெவ்ஸ்கி, தோன்ஸ்கோய், சுவோரவ், குதுசவ்னு பழைய வீரங்க பேரச் சொல்லி ஸ்டாலின் பேசுனாரு. அவங்களத்தான் பின்னாடி கொம்சமோல்ஸ்கயா ஸ்டேஷன் கூரைல மொசைக்கா பதிச்சாங்க, 1952ல திறந்தது. அந்த ஸ்டேஷன டிசைன் பண்ண ஷுசேவ்தான் லெனின் சமாதியவும் கட்டுனவரு!

வெயில்காயி:
ஷுசேவ் விசயம் எனக்குத் தெரியாது, ஒத்துக்கறேன். ஆனாலும் ஒரு நாள்ங்கிறது ஒரு நாள்தான். கொம்சமோல்ஸ்கயா சர விளக்கு மஞ்சள் கூரைன்னு கல்யாண மண்டபம் மாதிரி இருக்கும், எனக்கு அஞ்சு நிமிசத்துல திகட்டிருச்சு. மாயகோவ்ஸ்கயா மட்டும் பிடிக்கும், எஃகுத் தூண், தலைக்கு மேல குழி குழியா 34 மொசைக், ஒவ்வொண்ணுலயும் வானம். அது கலை. மத்ததெல்லாம் ஆடம்பரம்.

கருங்கல்:
மாயகோவ்ஸ்கயாவும் அதே துஷ்கின், அதே 1938. சும்மா ஞாபகப்படுத்துனேன் 🙂
ஊர்சுத்தி, வழி சொல்றேன், ஒரு ரவுண்டு அடிச்சு கிளம்பின எடத்துக்கே வந்துடலாம். நாய் பாத்துட்டு உள்ளுக்குள்ளயே தியட்ரால்னயாவுக்கு மாறி பச்சை லைன் ஏறுங்க, ரெண்டாவது ஸ்டாப் மாயகோவ்ஸ்கயா. அடுத்தது பெலாருஸ்கயா, அங்க வட்டமா ஓடற ரிங் லைனுக்கு மாறுங்க, மொத ஸ்டாப் நோவஸ்லபோத்ஸ்கயா, தூணுக்குள்ள வெளிச்சம் வச்ச கலர் கண்ணாடி 32 இருக்கு. மூணாவது ஸ்டாப் கொம்சமோல்ஸ்கயா. அங்கேந்து செவப்பு லைன்ல நாலாவது ஸ்டாப் அகோத்னி ர்யாத், மேல வந்தா சதுக்கத்து வாசல். வண்டி ஒண்ணு போனா அடுத்தது கொஞ்ச நேரத்துல வந்துரும், காத்திருக்கறதே கிடையாது.

மழைக்குருவி:
காத தீட்டி வச்சுக்கங்க, ஸ்டேஷன் பேர் சொல்ற குரல் ஆம்பளையா இருந்தா வண்டி சிட்டி நடுவுக்குப் போகுது, பொம்பளையா இருந்தா வெளிய போகுது. ரிங் லைன்ல கடிகாரம் சுத்துற பக்கம் ஆம்பள குரல்.

வெயில்காயி:
ஆபீஸ் நேரத்துல மட்டும் இறங்காதீங்க, சிலைய பாக்க முடியாது, முதுகத்தான் பாக்கணும். வியாழக்கிழமையா இருந்தா கிரெம்ளின் மியூசியம் லீவு, அப்படின்னா... சரி, கீழயே சுத்துங்க.

ஊர்சுத்தி:
தேதி பாத்தேன். வியாழக்கிழமை. நண்பன் சிரிக்கறான்.

மழைக்குருவி:
😂 நாய் மூக்க தொடுங்க, ஆனா பக்கத்துல கோழிக்காரப் பொண்ணு இருக்கா பாருங்க, அவளோட சேவல மட்டும் தொட்றாதீங்க. அது ஆகாதாம்.

வெயில்காயி:
அதுவும் தேஞ்சுதான் இருக்கு குருவி.