தினமும் அதே சாலையில் மிதிக்கிறவன் செக்குமாடா?

கடலோரக்காளை:
நேற்று ‘புதுத்தடம்’ என்பவர் எழுதியதைப் படித்தேன். “வருடக்கணக்கில் ஒரே சாலையில் சைக்கிள் மிதிப்பவருக்கும் செக்குமாட்டுக்கும் ஒரே வித்தியாசம், மாடு எண்ணெயாவது கொடுக்கும்.” கீழே 27 பேர் சிரித்திருக்கிறார்கள். பெயர் சொல்லவில்லை. ஆனால் சென்னை திருவான்மியூரிலிருந்து தெற்கே முட்டுக்காடு வரை பதினொரு வருடமாகப் போய்வருகிறவன் இங்கே நான் ஒருவன்தான் என்பது அந்த 27 பேருக்கும் தெரியும்.

தம்பி, கொட்டிவாக்கத்தில் எந்த நிறுத்தத்தில் பஸ் சைகை காட்டாமல் இடதுபுறம் ஒடிக்கும், பனையூரில் மழை விட்ட மறுநாள் எந்த இடத்தில் மணல் படிந்திருக்கும், உத்தண்டி சுங்கச்சாவடி தாண்டியதும் எந்த நாய் துரத்தும், எது குரைப்பதோடு நிறுத்திக்கொள்ளும், எல்லாம் என் நோட்டில் இருக்கிறது. முட்டுக்காட்டுப் பாலத்தில் போகும்போதும் எதிர்க்காற்று, திரும்பும்போதும் எதிர்க்காற்று என்பது ஒரு நாள் வந்து படம் பிடித்துக்கொண்டு போகிறவருக்குத் தெரியுமா?

புதுத்தடம்:
எனக்கு 44 வயது. தம்பி வேண்டாம்.

மற்றதெல்லாம் இருக்கட்டும். போகும்போதும் எதிர்க்காற்று, திரும்பும்போதும் எதிர்க்காற்றா? காற்றும் உங்களோடு பாலத்தில் நின்று, இளநீர் குடித்துவிட்டுத் திரும்பி வருகிறதா?

கடலோரக்காளை:
கிண்டல் எளிது. பதினொரு வருட நோட்டு என்னிடம் இருக்கிறது. உங்களிடம் என்ன இருக்கிறது?

புதுத்தடம்:
திசை அறியும் புத்தி இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலை வடக்கு தெற்காகப் போகிறது. தெற்கிலிருந்து அடிக்கிற காற்று போகும்போது முகத்தில் அடித்தால், திரும்பும்போது முதுகில்தான் தள்ள வேண்டும். இதற்கு நோட்டு எதற்கு?

தையூரான்:
காளையண்ணன் சொல்வதில் கொஞ்சம் உண்மை உண்டு. மார்கழியில் நானும் போயிருக்கிறேன். வாடைக்காற்று தெற்கே போகும்போது முகத்தில் அறையும்.

ஹெர்குலிஸ் தாத்தா:
வாடை என்பது வடக்கிலிருந்து வருவது, தம்பி. தென்றல் தெற்கிலிருந்து, கொண்டல் கிழக்கிலிருந்து, கோடை மேற்கிலிருந்து. வாடை வீசும்போது முட்டுக்காட்டுக்குப் போனால் அது முதுகில் தள்ளும், வீட்டுக்கு வரும்போதுதான் அறையும். எங்கள் வீட்டில் கிழவிகூடச் சொல்வாள்.

வந்ததற்கு ஒரு கேள்வி. என் பழைய ஹெர்குலிஸ் வண்டிக்குப் பிரேக் கட்டை தேய்ந்துவிட்டது. ரிம்மின் உட்புறம் பிடிக்கிற வகை. சென்னையில் எங்கே கிடைக்கும்?

தையூரான்:
குளிர்ந்த காற்று எல்லாமே வாடைதான் ஐயா. எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம்.

புதுத்தடம்:
நன்றி ஐயா. மார்கழிக் கணக்கும் சரிந்தது. இனி காளை வேறு மாதம் தேட வேண்டும்.

கடலோரக்காளை:
நான் மார்கழி என்று எங்கே சொன்னேன்? சொன்னவர் தையூரான். அவருக்கு வாடையும் தெரியாது, தென்றலும் தெரியாது. அவரைக் காட்டி என்னை அடிக்க வேண்டாம்.

தையூரான்:
உங்களுக்கு ஆதரவாகப் பேசியதற்கு இது கூலி.

குறுக்குக்கம்பி:
பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவன். இரண்டு பக்கமும் பொறுத்துக்கொண்டால் ஒரு கணக்குச் சொல்கிறேன்.

ஆனி, ஆடியில் சென்னையில் விடியற்காலைக் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்தோ தென்மேற்கிலிருந்தோ வரும். கடற்காற்று தரை சூடேறிய பிறகுதான், முற்பகல் கழிந்து எழும். இப்போது நேர் மேற்கிலிருந்து மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வருகிறது, நீங்கள் 25இல் ஓட்டுகிறீர்கள் என்று வையுங்கள். உங்கள் மேல் படுகிற காற்றின் வேகம் சுமார் 29. திசையும் பக்கவாட்டிலிருந்து முன்னோக்கி நகர்ந்து, ஏறக்குறைய 30 பாகை சாய்வில் வலக்கன்னத்தில் அடிக்கும். உங்களைப் பின்னுக்கு இழுக்கிற விசை, காற்றில்லாத நாளைவிட ஆறில் ஒரு பங்கு கூடும். திரும்பும்போதும் இதே கதை, கன்னம் மட்டும் மாறும். ஆக இருவழியிலும் முன்னாலிருந்து அடிப்பதுபோல் தோன்றுவது மூளைக்கோளாறு அல்ல.

கடலோரக்காளை:
ஆசிரியரே சொல்லிவிட்டார். இருபக்கமும் எதிர்க்காற்று. 27 பேரும் சிரித்த சிரிப்பை இப்போது திருப்பி எடுத்துக்கொள்ளலாம்.

குறுக்குக்கம்பி:
நான் சொன்னது பக்கக்காற்று.

கடலோரக்காளை:
இருவழியிலும் பின்னுக்கு இழுக்கிறது என்று சொன்னீர்களா, இல்லையா?

குறுக்குக்கம்பி:
சொன்னேன். ஆனால் அது பக்கக்காற்று.

கடலோரக்காளை:
முகத்தில் அடிப்பதை நான் எதிர்க்காற்று என்பேன். நீங்கள் கன்னக்காற்று என்று பெயர் வைத்துக்கொள்ளுங்கள்.

புதுத்தடம்:
பதினொரு வருடம் ஒரே சாலையில் போனவருக்குக் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதை இன்று ஒரு ஆசிரியர் வந்து சொல்ல வேண்டியிருக்கிறது. இதைத்தான் நேற்று எழுதினேன்.

போன மாதம் கோவளத்தில் வலதுபுறம் திரும்பிக் கேளம்பாக்கம் சாலையில் போனேன். உங்கள் பாலத்திலிருந்து சிறிது தூரம்தான். இரண்டு பக்கமும் உப்பளம். பாத்தியில் ஒருவர் பலகையால் உப்பை வாரி வரப்பில் கூம்புகூம்பாகச் சேர்த்துக்கொண்டிருந்தார். அடுத்த பாத்தியில் நெடுங்கால் உள்ளான் ஆறேழு. குச்சி குச்சியாகச் சிவந்த கால், தண்ணீரில் அதே காலின் நிழல். சைக்கிளைச் சாய்த்துவிட்டு அரை மணி நேரம் நின்றேன். உதட்டை நக்கினால் உப்பு. பதினொரு வருடத்தில் ஒரு நாளாவது அந்த வலதுபுறம் திரும்பியிருக்கிறீர்களா?

கடலோரக்காளை:
நெடுங்கால் உள்ளான் முட்டுக்காட்டுக் கழிமுகத்திலும் நிற்கும். பறவைக்கு உப்பளத்துக்காரர் பட்டா போட்டுக் கொடுக்கவில்லை.

புதிய தடம் என்றால் என்னவென்று எனக்கும் தெரியும். போன தை மாதம் இதே புதுத்தடம் எங்கள் ஐந்து பேரைத் தையூர் ஏரிப்பக்கம் அழைத்துப்போனார். கைப்பேசி வரைபடத்தில் கோடு இருக்கிறது, போகலாம் என்றார். கோடு ஒருவர் வீட்டுக் கொல்லையில், எருமைத் தொட்டியருகே முடிந்தது. அந்த அம்மா கையில் சாணிக்கூடையோடு நின்று எங்கள் வழுவழு காற்சட்டைகளை மேலும் கீழும் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. திரும்பி வரும்போது நெருஞ்சி முள். ஒரே டயரில் மூன்று பங்சர். அந்த நிலையிலும் என் பம்பைக் கொடுத்தேன். இன்றுவரை அது திரும்பவில்லை.

புதுத்தடம்:
பம்பைத் தையூரானிடம் கொடுத்தனுப்பினேன்.

தையூரான்:
என்னிடம் யாரும் எந்தப் பம்பும் கொடுக்கவில்லை. வாடை தெரியாதவன் கையில் யார் பம்பைக் கொடுப்பார்கள்?

விடியல்சக்கரம்:
நான் தினமும் ஒரே வழியில்தான் போகிறேன். செக்குமாடு என்ற பட்டம் எனக்கும் சேர்த்துத்தான். ஐந்தரை மணிக்கு இருட்டில் தனியாகப் புறப்படுகிற பெண் எதைப் பார்த்துப் பாதையைத் தேர்வாள் என்று யோசித்தீர்களா? நீலாங்கரையில் பால் இறக்குகிறவர் என்னைப் பார்த்தால் வணக்கம் சொல்வார். ஈஞ்சம்பாக்கத்தில் பூக்கட்டுகிற அக்கா, இரண்டு நாள் வரவில்லை என்றால் மூன்றாம் நாள் ஏன் என்று கேட்பார். ஒருமுறை பைக்கில் ஒருவன் பின்னாலேயே வந்தபோது அந்த அக்கா பக்கத்தில் போய்த்தான் நின்றேன். அவர் பூவைக் கீழே வைக்கவில்லை, எழுந்திருக்கவும் இல்லை. “என்ன?” என்று அவனைப் பார்த்துக் கேட்டார், அவ்வளவுதான். உப்பளத்தில் உள்ளான் இருக்கும். எனக்காக “என்ன?” என்று கேட்க யார் இருப்பார்?

புதுத்தடம்:
உங்களைச் சொல்லவில்லை அம்மா. உங்கள் விஷயம் வேறு. இருபக்கமும் காற்று அடிக்கிறது என்பவரைத்தான் சொன்னேன்.

கடலோரக்காளை:
அம்மா சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. என் கட்சி வென்றது.

செக்குமாடு விஷயத்துக்கு வருகிறேன். 2022 அக்டோபர் 8 அன்று சுவிட்சர்லாந்தின் கிரென்ஷன் நகரில் பிலிப்போ கன்னா என்ற இத்தாலியர் ஒரு மணி நேரத்தில் 56.792 கிலோமீட்டர் ஓட்டி உலக சாதனை செய்தார். தடத்தின் நீளம் 250 மீட்டர். 227 சுற்று. ஒரே வட்டம், ஒரே வளைவு, ஒரே கோடு. அவரும் செக்குமாடா? பதில் வேண்டும்.

புதுத்தடம்:
அவர் கூரைக்கு அடியில் ஓட்டினார். 227 சுற்றிலும் ஒருமுறைகூட இருபக்கமும் எதிர்க்காற்று என்று புலம்பவில்லை. தவிர, உங்கள் நோட்டில் போகவர 40 கிலோமீட்டருக்கு எவ்வளவு நேரம் எழுதியிருக்கிறீர்கள்? கன்னா பெயரைச் சொல்ல ஒரு தகுதி வேண்டும்.

கடலோரக்காளை:
காற்றில்லாத நாளில் 96 நிமிடம். காற்று நாளில் 100. எந்தக் காற்றானாலும் 100. போகும்போது இழந்ததை வரும்போது காற்று திருப்பித் தந்திருந்தால் 96 வர வேண்டுமே? ஏன் வரவில்லை? ஏனென்றால் திரும்பும்போதும் எதிர்க்காற்று!

குறுக்குக்கம்பி:
இல்லை ஐயா. நேர் எதிர்க்காற்று, நேர் பின்காற்று என்றாலும் அந்த 4 நிமிடம் போகத்தான் செய்யும். போகும்போது 20 வேகம் என்றால் 20 கிலோமீட்டருக்கு 60 நிமிடம். வரும்போது 30 வேகம் என்றால் 40 நிமிடம். கூட்டினால் 100. மெதுவாகப் போகிற பாதியில் அதிக நேரம் இருக்கிறீர்கள், அதனால்தான். பின்காற்று தள்ளியும் 100தான் வரும்.

கடலோரக்காளை:
100 என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள். நான் எழுதியதும் 100. பிறகு எதற்கு ‘இல்லை ஐயா’?

குறுக்குக்கம்பி:
வகுப்பில் பின்பெஞ்சுக்குக்கூட இது இரண்டாம் முறையில் விளங்கிவிடும். நான் விலகிக்கொள்கிறேன்.

ஹெர்குலிஸ் தாத்தா:
அந்தப் பிரேக் கட்டை பற்றி யாருக்காவது தெரியுமா?

தையூரான்:
நடுவில் ஒன்று சொல்லலாமா? பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் நெடும்பயணம் 1891இல் தொடங்கியது. 1,200 கிலோமீட்டருக்கு மேல், 90 மணி நேரக் கெடு. போகும்போது தாண்டிய ஊர்கள் பலவற்றின் வழியாகத்தான் திரும்பியும் வருகிறார்கள். அதற்காக அவர்களை யாரும் செக்குமாடு என்று சொல்வதில்லை. இதைக் காளைக்கு ஆதரவாகச் சொல்லவில்லை, பொதுவாகச் சொல்கிறேன்.

புதுத்தடம்:
பாரிஸ் வரை எதற்கு? காளை இங்கே 200 கிலோமீட்டர் பிரவே ஒன்றில், அதாவது கெடுவுக்குள் முடிக்க வேண்டிய நெடும்பயணத்தில், கலந்துகொண்டார். கெடு 13 மணி 30 நிமிடம். மாமல்லபுரம் தாண்டிய பிறகு பழக்கமில்லாத சாலை. 140ஆவது கிலோமீட்டரில் வேனில் ஏறிவிட்டார். மனப்பாடம் செய்த பாடம் மட்டும் எழுதத் தெரிந்தவருக்கு வினாத்தாள் மாறினால் இதுதான் நடக்கும்.

கடலோரக்காளை:
அன்று முழங்காலில் வலி. வேனில் ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அது யார் என்று நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொல்லட்டுமா?

புதுத்தடம்:
எனக்கு கியர் கம்பி அறுந்துவிட்டது. வலியும் கம்பியும் ஒன்றா?

விடியல்சக்கரம்:
நான் பூக்கட்டுகிற அக்காவைப் பற்றி எழுதினேன். வந்தது ஒரு ‘உங்கள் விஷயம் வேறு’, ஒரு ‘என் கட்சி வென்றது’. காற்றைப் பற்றி எத்தனை பதில் என்று எண்ணிப் பாருங்கள். காளை ஐயா, நான் உங்கள் கட்சியும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் நான்கு பெண்கள் சேர்ந்து திருப்போரூர் பக்கம் புதுப்புது வழியில்தான் போகிறோம்.

கடலோரக்காளை:
திருப்போரூருக்கு எந்த வழியில் போனாலும் நெம்மேலிச் சாலையில் திறந்தவெளிதான் அம்மா. அங்கும் இருபக்கமும் எதிர்க்காற்று. ஜாக்கிரதை.

புதுத்தடம்:
நெம்மேலிச் சாலை கிழக்கு மேற்காகப் போகிறது! காற்று மேற்கிலிருந்து என்று இப்போதுதானே ஆசிரியர் சொன்னார்? திருப்போரூரிலிருந்து நெம்மேலிக்கு வரும்போது அது முதுகில் அடிக்கும். இப்போதாவது ஒப்புக்கொள்ளுங்கள்!

கடலோரக்காளை:
ஆசிரியர் விலகிக்கொண்டார். அவர் சொன்னதை இனி மேற்கோள் காட்ட முடியாது.

தையூரான்:
பம்பு விஷயத்தில் என் பெயரை இழுத்ததற்கு இன்னும் மன்னிப்பு வரவில்லை.

கடலோரக்காளை:
இன்று காலையும் போய்வந்தேன். பாலத்தின் நடுவில் சைக்கிளை நிறுத்திக் கைக்குட்டையைக் கைப்பிடியில் கட்டிப் பார்த்தேன். தெற்கே பார்த்து ஓட்டினால் என் பக்கம் பறந்தது. வடக்கே பார்த்து ஓட்டினாலும் என் பக்கம்தான் பறந்தது. கண்ணால் கண்டது.

புதுத்தடம்:
ஐயா! ஓட்டினால் பறக்கத்தான் செய்யும்! நின்று பார்க்க வேண்டும்!

கடலோரக்காளை:
நின்று பார்க்கிறவர் நீங்கள். நான் ஓட்டுகிறவன்.

ஹெர்குலிஸ் தாத்தா:
கட்டை கிடைத்துவிட்டது. வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி. அந்தத் தெரு வழியாக நான் போனதே இல்லை.

கடலோரக்காளை:
வாழ்த்துகள் ஐயா. புதுத்தடத்திடமிருந்து இரவு முழுவதும் பதில் இல்லை. பதில் இல்லை என்றால் என்ன பொருள் என்று எல்லோருக்கும் தெரியும்.

புதுத்தடம்:
தூங்கினேன்.