கப்பலில் சத்தமும் அதிர்வும் குறைந்த அறை எது?

வணக்கம். சொகுசுக் கப்பலில் போக அறை தேர்ந்தெடுக்க வேண்டும். கூட வரும் அம்மாவுக்கு ஊசி விழுந்தாலும் தூக்கம் கலைந்துவிடும். அதனால் ஜன்னல் வழியாகக் கடல் தெரிகிறதா என்பதைவிட ராத்திரி அமைதியாக இருக்குமா என்பதுதான் எங்கள் கவலை.

தள வரைபடத்தைப் பார்த்துப் பார்த்து இப்போது இரண்டு அறைகளில் வந்து நிற்கிறோம். ஒன்று நடுப்பகுதியில், நீச்சல் குளத் தளத்துக்கு நேர் கீழே. ஆட்டம் குறைவு, சரி. ஆனால் விடிவதற்குள் தலைக்கு மேல் நாற்காலிகளை இழுத்துப் போடுவார்களே? இன்னொன்று பின்பக்கம், கீழ்த்தளத்தில். மேலும் கீழும் அறைகள்தான். ஆனால் புரொப்பல்லர் பக்கம். அதிர்வு என்றால் மேசைமேல் வைத்த கண்ணாடித் தம்ளர் கிணுகிணுக்கும் அளவுக்கா, இல்லை படுத்தால் மட்டும் லேசாகத் தெரியுமா? முன்பக்கத்தை நாங்களே கழித்துவிட்டோம். கரையோரம் கப்பலைத் திருப்பும்போது அதைப் பக்கவாட்டில் தள்ளும் த்ரஸ்டர் விசிறியின் உறுமலும், நங்கூரம் இறக்கினால் அந்தச் சங்கிலிச் சத்தமும் அங்கேதான் அதிகம். பெரும்பாலும் அதிகாலை நேரம் வேறு.

அப்புறம், அந்தப் பின்பக்க அறையில் பக்கத்து அறைக்குப் போக இடைக்கதவு இருக்கிறது. அது வழியாகப் பேச்சும் டிவியும் எவ்வளவு கேட்கும்? கீழிடுக்கில் துண்டைச் சுருட்டி வைத்தால் போதுமா?

பின்பக்கம் தங்கியவர்கள், கப்பல் வேகமெடுக்கும்போது எப்படி இருந்தது என்று சொல்லுங்கள். "கப்பல்னா சத்தம் இருக்கத்தான் செய்யும்" என்பதை வீட்டிலேயே கேட்டாகிவிட்டது.