காரைநகர் வீடு: ஐம்பதாவது ஐப்பசி

சனி, 15 பெப்ரவரி 2025

குகன் (சூரிச்) 9:12
எல்லோருக்கும் வணக்கம். அப்பா அம்மாவின் 50ஆவது கலியாண நாள் இந்த ஐப்பசியில் வருகிறது. கடைசி நேரத்தில் மண்டபம் தேடி அலையாமல், எல்லோரும் ஒரு கிழமை ஒரு கடற்கரையில் ஒன்றாக இருப்போம் என்று போன கிழமை கதைத்தோம் அல்லவா. நான் மூன்று இடம் பார்த்து வைத்திருக்கிறேன். மூன்றும் மத்தியதரைக் கடல் தீவுகள், மூன்றும் சனம் நெரிக்காத கரைகள், மூன்றும் பெயருள்ள ரிசோர்ட்கள். விபரம் அனுப்புகிறேன். தயவுசெய்து முழுவதையும் வாசித்துவிட்டுப் பதில் போடுங்கோ.

ரமணன் (பாரிஸ்) 9:13
👍 நல்லா இருக்கு

குகன் (சூரிச்) 9:13
இன்னும் அனுப்பவில்லை.

தேவி (டோர்ட்மண்ட்) 9:15
அண்ணா, மயோர்கா மட்டும் வேண்டாம்

வசந்தி (லண்டன்) 9:16
😂😂😂

ரமணன் (பாரிஸ்) 9:16
மகலூஃப்!!!

குகன் (சூரிச்) 9:18
நாங்கள் மயோர்காவில் நின்றது இரவிரவாகக் கூத்துப் போடும் அந்த மகலூஃப் இல்லை, அடுத்த ஊர். எட்டு வருடமாக இதையே சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். படத்தில் அமைதியாகத்தான் இருந்தது.

தேவி (டோர்ட்மண்ட்) 9:20
விடிய 3 மணிக்கு அப்பா சாரத்தோடு பல்கனியில் நின்று "தம்பிமாரே, பிள்ளைகள் நித்திரை" என்று தமிழில் கத்த, கீழே நின்ற வெள்ளைக்காரப் பெடியள் கை தட்டினார்களே. அதற்குத்தான் சொல்கிறேன்

சிவா அத்தான் 9:21
அடுத்த நாள் மாமாவைக் கண்டதும் சலூட் அடித்தவங்கள்

குகன் (சூரிச்) 9:31
அதனால்தான் இம்முறை பெயருள்ள இடமாகப் பார்க்கிறேன். ஏதாவது பிழைத்தால் முறையிட ஒரு தலைமையகம் இருக்க வேண்டும்.
முதலாவது மெனோர்கா. மயோர்காவின் பக்கத்துத் தீவுதான், ஆனால் குணம் வேறு. 1993இலேயே யுனெஸ்கோ அதை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்துவிட்டது, அதனால் கரை முழுக்க அடுக்குமாடி எழும்பவில்லை. தீவைச் சுற்றிக் கரையோரமாகவே 185 கிலோமீற்றர் பழைய குதிரைப்பாதை ஒன்று ஓடுகிறது. ரிசோர்ட் தெற்குக் கரையில், சாந்த் தொமாஸ் என்ற இடத்தில். கிரான் மெலியா. மெலியா என்பது 1956இல் மயோர்காவின் பல்மாவில் ஒரு ஹோட்டலோடு தொடங்கிய ஆட்கள், இன்று உலகம் முழுக்க இருக்கிறார்கள்.

வசந்தி (லண்டன்) 9:33
185 கிலோமீற்றரும் அம்மாவா நடப்பது

அம்மா 9:40
படி எத்தனை இருக்கும் தம்பி

குகன் (சூரிச்) 9:44
அம்மா, அதற்கு வருகிறேன். இரண்டாவது கிரேக்க நாட்டின் கிரேத்தா. வடக்குக் கரையில் எல்லோரும் போகும் இடங்கள், அதோடு கோடையில் மெல்தெமி என்ற வடகாற்று வேறு. நான் சொல்வது தெற்குக் கரை, ஈராபெத்ரா. முன்னால் லிபியக் கடல், அதற்கு அப்பால் ஆபிரிக்கா. அங்கே ரொபின்சன் கிளப் இருக்கிறது. ஜேர்மன் ஆட்களின் நிறுவனம், டூயி என்ற பெரிய சுற்றுலா நிறுவனத்தைச் சேர்ந்தது. சாப்பாடு, பிள்ளைகளுக்கான விளையாட்டு எல்லாம் ஒரே காசுக்குள். ஹெராக்லியோன் விமான நிலையத்தில் இருந்து 100 கிலோமீற்றர் அளவில் பயணம், அது ஒன்றுதான் குறை.

தேவி (டோர்ட்மண்ட்) 9:46
எங்கள் அலுவலகத்தில் ஒருவர் போனவர். சுற்றிவர பிளாஸ்டிக் கூடாரங்கள் என்றார். தக்காளி, கத்தரிக்காய், வெள்ளரி. மலையில் நின்று பார்த்தால் எது கடல் எது பிளாஸ்டிக் என்று தெரியாதாம்

அம்மா 9:49
கத்தரிக்காய் நல்லது

சின்னம்மா (ரொறன்ரோ) 9:52
*பலமுறை பகிரப்பட்டது*
அவசரம்!! கிரேக்க நாடு முழுவதும் பூமி அதிர்கிறது. சனம் தீவுகளை விட்டு ஓடுகிறது. யாரும் அந்தப் பக்கம் போக வேண்டாம். உங்கள் உறவுகளுக்கும் பகிருங்கள்.

வசந்தி (லண்டன்) 9:53
சின்னம்மா அங்கே இப்போது விடியப்புறம் 5 மணி. படுங்கோ

குகன் (சூரிச்) 9:59
சின்னம்மா, செய்தியில் பாதி உண்மை. அதிர்வது சந்தோரினியும் பக்கத்துத் தீவுகளும். பல ஆயிரம் சனம் கப்பலிலும் விமானத்திலும் வெளியேறியது உண்மை, இந்த 10ஆம் திகதி 5.3 அளவில் ஒன்றும் அதிர்ந்தது. ஆனால் கிரேத்தா அதற்குத் தெற்கே 100 கிலோமீற்றருக்கு மேல் தள்ளி இருக்கிறது. மெனோர்கா ஸ்பெயின், அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

சின்னம்மா (ரொறன்ரோ) 10:01
நான் சொல்லிவிட்டேன். பிறகு உங்கள் விருப்பம் 🙏

ரமணன் (பாரிஸ்) 10:05
ஏன் ரிசோர்ட்? ஒரு பெரிய வீடு வாடகைக்கு எடுப்போமே. குசினி இருக்கும். புட்டு அவிக்கலாம், மீன் வாங்கலாம். பாதிக் காசு

தேவி (டோர்ட்மண்ட்) 10:05
யார் அவிப்பது?

ரமணன் (பாரிஸ்) 10:06
எல்லோரும் சேர்ந்துதான்

தேவி (டோர்ட்மண்ட்) 10:07
போன முறை "எல்லோரும் சேர்ந்து" என்றால் நானும் அண்ணியும் அடுப்படியில், நீங்கள் மூன்று பேரும் கடலில்

மாலா அண்ணி 10:08
வீடு எடுத்தால் நான் வரமாட்டேன்.

ரமணன் (பாரிஸ்) 10:08
சரி சரி ரிசோர்ட்

சிவா அத்தான் 10:20
மச்சான், மூன்றாவது என்ன?

குகன் (சூரிச்) 10:27
மூன்றாவது சைப்பிரஸ். அயா நாபா பக்கம் இல்லை, அது இரவிரவாகக் கூத்துப் போடும் ஊர். நான் சொல்வது வடமேற்கு மூலை, லாச்சி துறைமுகமும் அகாமாஸ் காடும் இருக்கும் பக்கம். ஊரின் பெயர் பொலிஸ்.

ரமணன் (பாரிஸ்) 10:27
பொலிஸா 😂 அப்பா வரமாட்டார்

வசந்தி (லண்டன்) 10:28
உண்மையாகவே அதுதான் பெயரா

குகன் (சூரிச்) 10:30
கிரேக்கத்தில் பொலிஸ் என்றால் நகரம். அங்கே அனாசா என்று ஒரு ரிசோர்ட், சைப்பிரஸ் ஆட்களின் குழுமம்தான் நடத்துகிறது. விலையை மட்டும் கேட்காதேயுங்கோ.

தேவி (டோர்ட்மண்ட்) 10:34
பார்த்தேன். ஒரு இரவுக் காசுக்கு அப்பா தோட்டத்துக் கிணறு இறைப்பு மெஷினே மாற்றலாம்

சிவா அத்தான் 10:36
நான் சைப்பிரஸ். 1960 வரை பிரித்தானியர் ஆண்ட இடம், கார் இடப்பக்கம்தான் ஓடும். மூன்று முனை பிளக். எனக்கு வேறொன்றும் வேண்டாம்

ரமணன் (பாரிஸ்) 10:37
அத்தான் பாரிஸ் ரவுண்டபவுட்டை இன்னும் மறக்கவில்லை

சிவா அத்தான் 10:37
நீ அதை மறந்தால் போதும்

வசந்தி (லண்டன்) 10:41
தேவி, நினைப்பு வந்தபடியால் கேட்கிறேன். கவியின் சாமத்திய வீட்டுக்குக் கொண்டுவந்த என் கிடாரம் எங்கே? மூடியும் அகப்பையும் சேர்த்து

தேவி (டோர்ட்மண்ட்) 10:43
ரமணன் வானில் ஏற்றி விட்டதே

ரமணன் (பாரிஸ்) 10:44
நான் அந்த நிகழ்வுக்கே வரவில்லை அக்கா

வசந்தி (லண்டன்) 10:44
அது எங்களுக்குத் தெரியும்

வசந்தி (லண்டன்) 10:45
வராதது பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை

குகன் (சூரிச்) 10:52
கிடாரத்தைப் பிறகு பார்ப்போம். திகதிதான் பெரிய தலையிடி. என் சின்னவனுக்கு சூரிச்சில் லீவு ஒக்டோபர் 6 தொடக்கம் 17 வரை. தேவியின் பிள்ளைகளுக்கு 13 தொடக்கம் 25. பாரிஸில் 18இல் விட்டால் மாத முடிவு வரை. லண்டன் 27இல் தொடங்கி ஒரே ஒரு கிழமை. நான்கும் ஒன்றாக விழும் நாள் ஒன்றுகூட இல்லை. ஒரு தாளில் கோடு போட்டுப் பார்த்தேன், மாலா சிரித்தாள்.

தேவி (டோர்ட்மண்ட்) 10:54
அப்படியென்றால் ஓகஸ்ட்?

அம்மா 10:55
ஓகஸ்ட் நல்லூர்த் திருவிழா. நான் அசையமாட்டேன்

ரமணன் (பாரிஸ்) 10:55
முடிந்தது

வசந்தி (லண்டன்) 10:58
நாங்கள் லீவு இல்லாமல் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தால் ஒரு பிள்ளைக்கு, தாய்க்கு 80 பவுண், தகப்பனுக்கு 80 பவுண் தண்டம். போன வருடம் கூட்டினவங்கள்

அபிராமி 11:02
அப்பா, தம்பிக்கு ஜோக்கர் நாள் இரண்டு இருக்கு. காரணம் சொல்லாமல் எடுக்கலாம்

குகன் (சூரிச்) 11:03
இரண்டு நாளில் ஒரு கிழமைக்கு எப்படிப் போவது பிள்ளை?

அம்மா 11:10
🎤 குரல் பதிவு 2:47

தேவி (டோர்ட்மண்ட்) 11:15
கேட்க முடியாத ஆட்களுக்கு: கந்தசஷ்டி 22ஆம் திகதி தொடங்குகிறது, 27 சூரன்போர். அந்த ஆறு நாளும் அம்மா விரதம். 28இல் பாரணை முடித்த பிறகு எங்கே கூப்பிட்டாலும் வருவாவாம். மிச்சம் இரண்டு நிமிடமும் பக்கத்து வீட்டு மாடு எங்கள் வேலியைப் பிரித்த கதை

ரமணன் (பாரிஸ்) 11:17
மூன்று வேளைச் சாப்பாடும் குடிவகையும் சேர்த்துக் காசு கட்டி, அம்மா துளசித் தண்ணீர் குடிக்கிறா 😂

வசந்தி (லண்டன்) 11:18
28 என்றால் எங்களுக்குச் சரி. ரமணனுக்கும் சரி

தேவி (டோர்ட்மண்ட்) 11:18
உங்களுக்குச் சரி

குகன் (சூரிச்) 11:33
அதில் இன்னொன்று இருக்கிறது. மெனோர்காவில் பெரும்பாலான ஹோட்டல்கள் ஒக்டோபர் முடிவோடு கதவடைத்துவிடும். அதோடு அங்கே இலையுதிர்காலம்தான் மழைக்காலம். சைப்பிரஸில் அந்த நேரமும் கடல் 24 பாகை அளவில் இருக்கும், குளிக்கலாம். கிரேத்தா இரண்டுக்கும் நடுவில்.
விசா: அப்பா அம்மா முதலில் சூரிச்சுக்குத்தான் வருவார்கள், ஆகவே சுவிஸ் கொடுக்கும் ஷெங்கன் விசா, பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவானது. அது கிரேத்தாவுக்கும் மெனோர்காவுக்கும் போதும். சைப்பிரஸ் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தாலும் ஷெங்கனில் இல்லை. ஆனால் இரண்டு அல்லது பல தடவை நுழையும் ஷெங்கன் விசா இருந்தால் உள்ளே விடுவார்கள். திரும்பி சூரிச்சுக்கு வருவதற்கும் அதே இரண்டாவது நுழைவு வேண்டும். ஆகவே விண்ணப்பத்தில் பல தடவை என்ற கட்டத்தில் புள்ளடி போட மறக்கக்கூடாது. பயணத்துக்கு ஆறு மாதத்துக்கு முன்னர் விண்ணப்பம் எடுக்கமாட்டார்கள்.

வசந்தி (லண்டன்) 11:36
எப்போதும் சூரிச்சுக்குத்தான் வருவார்கள். ஓம்

குகன் (சூரிச்) 11:36
வசந்தி, லண்டனுக்கு வேறு விசா. அதை நானா போட்டேன்?

சிவா அத்தான் 11:37
சரி விடுங்கோ

அம்மா 12:15
படி எத்தனை என்று ஒருவரும் சொல்லவில்லை

அபிராமி 12:20
அப்பம்மா, நான் மூன்று இடத்துக்கும் எழுதிக் கேட்டிருக்கிறேன். அறை வாசலில் இருந்து தண்ணீர் மட்டும் எத்தனை படி, கைபிடி இருக்கா, கீழ்மாடி அறை தருவீங்களா என்று. படங்கள் எல்லாம் மேலே இருந்து எடுத்தது, படி தெரியவில்லை. அனாசா சரிவில் கட்டினது போலத் தெரியுது

அம்மா 12:22
நல்ல பிள்ளை. முழங்கால் மட்டும் தண்ணீரில் நின்றால் போதும் எனக்கு. எங்கள் ஊர்க் கசூரினாக் கடற்கரையில் நிற்பது போல

தேவி (டோர்ட்மண்ட்) 12:24
கசூரினாவில் அரை மைல் நடந்தாலும் இடுப்புக்கு மேல் தண்ணீர் வராது அம்மா. அங்கே அப்படி இல்லை

அம்மா 12:31
அப்பா கேட்கிறார் இங்கே கடல் சும்மா கிடக்க அங்கே ஏன் காசு கொடுத்துப் பார்ப்பது என்று

ரமணன் (பாரிஸ்) 12:31
அப்பா 🔥

குகன் (சூரிச்) 12:40
அப்பாவுக்குச் சொல்லுங்கோ, காசு கடலுக்கு இல்லை. ஒன்பது பேரப்பிள்ளைகளும் ஒரே நேரத்தில் ஒரு மேசையில் இருப்பதற்கு.

அம்மா 12:48
கரையில் சாதாளை ஒதுங்குமா

குகன் (சூரிச்) 12:55
ஒதுங்கும் அம்மா, முக்கியமாக மெனோர்காவில். பொசிடோனியா என்று பெயர். பாசி இல்லை, பூக்கிற தாவரம். மண் அரிக்காமல் பிடிப்பதே அதுதான் என்று பல இடங்களில் அள்ளாமல் விட்டு வைப்பார்கள். தெரியாத ஆட்கள் மணக்குது, கடற்கரை ஊத்தை என்று விமர்சனத்தில் ஒரு நட்சத்திரம் போடுகிறார்கள்.

அம்மா 12:57
அது மணக்காவிட்டால் கடலே இல்லை

மாலா அண்ணி 13:30
எங்கள் வீட்டில் இன்னும் சமைக்கவில்லை. இவர் காலையில் இருந்து போனோடு.

குகன் (சூரிச்) 18:05
சரி, ஒரு முடிவுக்கு வருவோம். வாக்கெடுப்பு போடுகிறேன். ஒருவருக்கு ஒரு வாக்கு.

📊 எங்கே போவது?
ஈராபெத்ரா — 4
பொலிஸ் — 4
மெனோர்கா — 1

தேவி (டோர்ட்மண்ட்) 18:40
மெனோர்கா யார்?

சின்னம்மா (ரொறன்ரோ) 18:41
நான். அங்கேதான் பூமி அதிரவில்லை

வசந்தி (லண்டன்) 18:42
சின்னம்மா நீங்களும் வருகிறீர்களா?

சின்னம்மா (ரொறன்ரோ) 18:43
கூப்பிட்டால் வருவேன்

அபிராமி 18:45
அப்பா, அப்பம்மா இரண்டுக்கும் போட்டிருக்கிறா. ஒரு வாக்கு என்று செட்டிங்கில் நீங்கள் மாற்றவில்லை

குகன் (சூரிச்) 19:10
சரி. மெனோர்கா இல்லை என்று மட்டும் வைத்துக்கொள்வோம். படிக் கணக்கு வரட்டும். நான் 28க்கு இரண்டு இடத்திலும் விலை கேட்டு வைக்கிறேன். தேவி, நீ பள்ளிக்கூடத்தில் கதைத்துப் பார்.

தேவி (டோர்ட்மண்ட்) 19:12
கதைக்கிறேன். விடுவார்கள் என்று நினைக்கவில்லை

ரமணன் (பாரிஸ்) 19:30
அக்கா, கிடாரம் என் கராஜில்தான் இருக்கு. இப்போதுதான் பார்த்தேன். எப்படி வந்தது என்று சத்தியமாகத் தெரியாது

வசந்தி (லண்டன்) 19:31
நிகழ்வுக்கு வராத ஆளின் கராஜில் 🙂

ரமணன் (பாரிஸ்) 19:32
ஐப்பசியில் கொண்டுவந்து தருகிறேன்

வசந்தி (லண்டன்) 19:32
விமானத்திலா

அம்மா 20:02
அப்பா கேட்கிறார் மூடியும் இருக்கிறதா என்று