குழாமுக்கு ‘உள்ளீட்டுப் பங்கீடு’ பொருந்துமா?

வணக்கம்.

நம் கலைச்சொற்களில், பல நரம்பு வலைகளை (தரவிலிருந்து கற்கும் கணினி அமைப்புகள், neural networks) பயிற்றி விடைகளைச் சராசரி எடுக்கும் அமைப்புக்கு (ensemble) ‘குழாம்’ என்பது முடிவாகிவிட்டது. எந்த வலைக்கு எந்த உள்ளீட்டு மாறிகள் (variables) என்று தீர்மானிக்கும் வேலைக்கு முன்மொழியப்பட்ட ‘உள்ளீட்டுப் பங்கீடு’ என்பதில் எனக்கு உடன்பாடில்லை. தொகுதிப் பங்கீட்டில் ஒரு கட்சிக்குப் போன தொகுதி இன்னொன்றுக்குக் கிடைக்காது. இங்கே ஒரே மாறி பத்து வலைகளில் ஏழுக்குப் போகலாம்.

‘மாறித் தெரிவு’ம் (variable selection) வேண்டாம்; ஆள் மாறித் தெரிந்தெடுத்தது போலக் காதில் விழுகிறது. தவிர, அது ஒற்றை வலையின் வேலை. ஒற்றை வலைக்குச் சிறந்த ஒரு தொகுப்பு போதும். அதையே பத்துக்கும் கொடுத்தால் பத்தும் பெரும்பாலும் ஒரே இடத்தில் சறுக்கும். ஆய்வாளர்கள் குரோ, வெடல்ஸ்பி 1995-இல் காட்டியது இதுதான்: இருபடிப் பிழையில், வலைகளின் சராசரிப் பிழையிலிருந்து, அவை குழாமின் விடையை விட்டு விலகும் இருபடி அளவின் சராசரியைக் கழித்தால் வருவது குழாமின் பிழை. விலகல் இல்லையேல் ஆதாயம் இல்லை.

விஸ்கான்சின் மார்பகப் புற்றுநோய்த் தரவைப் பாருங்கள். 569 பதிவுகள், 30 மாறிகள். உயிரணுக் கருவின் 10 அளவுகள், ஒவ்வொன்றும் மூன்று வடிவில். ஆரம், சுற்றளவு, பரப்பு மூன்றும் ஏறக்குறைய ஒரே செய்தி. ஒரு வலைக்கு ஆரம், மற்றதற்குச் சுற்றளவு என்று கொடுத்தால் பட்டியல்தான் வேறு, பிழை அதே பிழை. ஆகவே பட்டியலை ஒப்பிடாமல், சரிபார்ப்புத் தரவில் (பயிற்சிக்குத் தராமல் ஒதுக்கிய பதிவுகள்) வலைகளின் பிழைகளுக்கு இடையே உள்ள ஒட்டுறவை (correlation) கணக்கிட வேண்டும். வலைக்கு 15 மாறிகள் என்று தொடங்கலாம். மூன்று, நான்காகக் குறைத்தால் விலகல் கூடும். தனி வலையின் பிழை அதைவிட வேகமாக ஏறிவிடக்கூடும்.

முழுத் தரவையும் பார்த்து மாறிகளைத் தெரிந்துவிட்டுப் பிறகு குறுக்குச் சரிபார்ப்பு (தரவைப் பல மடிப்புகளாகப் பிரித்து, முறைவைத்து ஒரு பகுதியைச் சோதனைக்கு ஒதுக்கி மற்றவற்றில் பயிற்றுவது) செய்வது பெரும் தவறு. சோதனைப் பதிவுகள் தெரிவுக்குள் கசிந்துவிடும், பிழை பொய்யாகக் குறைந்து தெரியும். ஒவ்வொரு மடிப்பின் பயிற்சித் தரவிலும் தெரிவைப் புதிதாக நடத்த வேண்டும்.

என் பரிந்துரை: ‘வலைவாரி உள்ளீட்டுத் தெரிவு’. மாவட்டவாரி, துறைவாரி என்று நாள்தோறும் புழங்கும் ‘வாரி’தான். ஒன்றுக்குக் கொடுத்ததை மற்றதற்கும் கொடுக்க அது தடையில்லை.

—

‘வாரி’ நன்று. ஓர் ஐயம்: முடிவு மரங்களுக்கு (கேள்வி கேள்வியாகக் கிளைத்து விடை தருபவை, decision trees) ஆய்வாளர் டின் காம் ஹோ 1998-இல் சொன்ன முறையில் மாறிகள் சமவாய்ப்பில் எடுக்கப்படுகின்றன. யாரும் தேடித் தெரியாதபோது ‘தெரிவு’ நிற்குமா?

—

நிற்கும். குலுக்கலிலும் ‘தெரிவானவர்’ என்கிறோமே. அதைச் ‘சமவாய்ப்பு வலைவாரித் தெரிவு’ எனலாம். ஆய்வாளர் டேவிட் ஓபிட்ஸ் 1999-இல் செய்ததுபோல் மரபணு நெறிமுறையால் (நல்ல தெரிவுகளைக் கலந்து கலந்து மேம்படுத்தும் கணிமுறை, genetic algorithm) தேடி எடுத்தால் ‘தேடல்வழி வலைவாரித் தெரிவு’.