மறுமொழி: குடும்ப மருத்துவரும் ‘கைடுலைனும்’: நெறிமுறையா, உரையா?

அனைவருக்கும் வணக்கம். மருத்துவர்களுக்காக நோய்வாரியாக எழுதப்படும் ‘கிளினிக்கல் கைடுலைனுக்கு’த் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்று நம் குழுவில் நடக்கும் பேச்சுக்கு என் மறுமொழி இது.

> ‘வழிகாட்டு நெறிமுறை’ என்று ஏற்கெனவே நிலைத்துவிட்டதே. முன்னால் ‘மருத்துவ’ சேர்த்துக்கொண்டால் வேலை முடிந்தது. புதுச்சொல் எதற்கு?

ஐயா, நிலைத்துவிட்டது என்பதை நான் மறுக்கவில்லை. எனக்கு அதுதான் இடைஞ்சலே. கொரோனாக் காலத்தில் கடையை இத்தனை மணிக்கு மூடு, முகக்கவசம் போடு, போடாவிட்டால் அபராதம் என்று வந்ததெல்லாம் ‘வழிகாட்டு நெறிமுறை’தான். கேட்டவர் மனத்தில் அது உத்தரவு என்றே பதிந்திருக்கிறது. போதாக்குறைக்கு, படிப்படியாக அப்படியே செய்ய வேண்டிய புரோட்டோகாலுக்கும் நெறிமுறை, எதிக்ஸுக்கும் நெறிமுறை. கைடுலைனோடு சேர்த்து மூன்றும் ஒரே பத்தியில் வந்தால் மொழிபெயர்ப்பவர் பாடு திண்டாட்டம்.

1990இல் அமெரிக்காவின் மருத்துவ ஆலோசனை அமைப்பான இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் கைடுலைனுக்குக் கொடுத்த வரையறையின் சாரம் இது: குறிப்பிட்ட நோய்நிலையில் எந்தச் சிகிச்சை பொருந்தும் என்று மருத்துவரும் நோயாளியும் முடிவெடுக்க உதவுவதற்காக, முறைப்படி உருவாக்கிய கூற்றுகள். முடிவு அந்த இருவர் கையில்தான். தாள் உதவிக்கு மட்டும்.

இரத்த அழுத்தத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க இதயவியல் சங்கங்கள் 2017இல் வெளியிட்டதன்படி 130/80ஐத் தொட்டாலே உயர் இரத்த அழுத்தம். இங்கிலாந்தில் கைடுலைன்களை எழுதும் நைஸ் (NICE) நிறுவனமோ 2019இல் திருத்தி எழுதியபோதும் கிளினிக்கில் 140/90 என்ற எல்லையை விடவில்லை. அதைத் தாண்டினாலும் உடனே முத்திரை குத்தாமல், 24 மணி நேரக் கருவியைக் கட்டிப் பார்த்து உறுதி செய்யச் சொல்கிறது. ஆக, 134/84 உள்ள ஒருவர் பாஸ்டனில் நோயாளி, பர்மிங்காமில் இல்லை. கடல் தாண்டினால் மாறுகிற ஒன்றை நெறிமுறை என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

பின்பற்றாவிட்டால் மருத்துவருக்குக் கேள்வி வராதா என்று இன்னொரு நண்பர் கேட்டிருந்தார். வரலாம். ஆனால் 2004இல் சிகிச்சைத் தரத்துக்கான இலக்குகளை எட்டும் குடும்ப மருத்துவருக்குக் கூடுதல் பணம் என்று பிரிட்டன் திட்டம் போட்டபோதுகூட, பொருந்தாத நோயாளியைக் கணக்கிலிருந்து விலக்க வழி வைத்துத்தான் போட்டார்கள்.

என் முன்மொழிவு: வழிகாட்டுரை. அறிவுரை, பரிந்துரை வரிசையில் தானாகவே போய் நிற்கும். வரையறையில் உள்ள ‘கூற்று’ என்பதும் கைவிட்டுப் போகாது. முழுச்சொல் வேண்டும் இடத்தில் ‘மருத்துவ வழிகாட்டுரை’. நெறிமுறையை புரோட்டோகாலுக்கும் அறநெறியை எதிக்ஸுக்கும் விட்டுவிடலாம்.

> பெயர் எதுவானால் என்ன, நோயாளி எதிரில் இருக்கும்போது யார் அதைத் திறந்து பார்க்கிறார்கள்?

அக்கா, நீங்கள் பகடியாகச் சொன்னாலும் விஷயம் அங்கேதான் இருக்கிறது. 1998இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு கட்டுரை வந்தது. கேம்பிரிட்ஜ் வட்டாரத்தில் 22 குடும்ப மருத்துவ நிலையங்களில் கிடந்த வழிகாட்டுரைகளைத் திரட்டிப் பார்த்திருக்கிறார்கள். மொத்தம் 855. அடுக்கினால் 68 சென்டிமீட்டர் உயரம், 28 கிலோ எடை. இதை ஒரு மருத்துவர் எப்போது படிப்பார், எப்போது நோயாளியைப் பார்ப்பார்?

படித்தாலும் அடுத்த படிகள் இருக்கின்றன. குழந்தைகளுக்கான தடுப்பூசிப் பரிந்துரைகளை வைத்து பாத்மன் என்ற ஆய்வாளரின் குழுவினர் 1996இல், மருத்துவர் ஒரு பரிந்துரையைப் பின்பற்றும் வழியில் நான்கு படிகளைச் சொன்னார்கள். அவற்றுக்குத் தமிழில் சொல் தேடி அலைய வேண்டியதே இல்லை: அறிதல், உடன்படுதல், கைக்கொள்ளுதல், கடைப்பிடித்தல். கடைசி இரண்டையும் நாம் கலந்தடித்து எழுதுகிறோம், இனி பிரித்துக்கொள்வோம். ஒரு நோயாளிக்குச் செய்து பார்ப்பது கைக்கொள்ளுதல். திங்கட்கிழமைக் கூட்டத்திலும் விடாமல் செய்வது கடைப்பிடித்தல்.

சரி, படிக்காமலே எப்படித் தெரிந்துகொள்கிறார்கள்? இதைத்தான் ஆய்வாளர்கள் ஜான் கேபேயும் ஆந்த்ரே லெ மேயும் இங்கிலாந்தில் குடும்ப மருத்துவ நிலையங்களுக்குள்ளேயே இருந்து கவனித்து 2004இல் எழுதினார்கள். மருத்துவர்கள் ஆதாரங்களை நேரே புரட்டுவது அபூர்வம். கொஞ்சம் மேலோட்டமான வாசிப்பு, சொந்த அனுபவம், சக மருத்துவரோடு பேசும் பேச்சு, துறையில் பெயரெடுத்தவர் சொன்னது, மருந்துக் கம்பெனி ரெப் சொன்னது, நோயாளி சொன்னது எல்லாம் சேர்ந்து உள்ளுக்குள் ஒரு வழி உருவாகிவிடுகிறது. அதன்படி கை தானாக எழுதுகிறது. இதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘மைண்ட்லைன்’.

இதற்குக் குழுவில் ‘மனவழி’ என்று ஒரு யோசனை வந்தது. அழகாக இருக்கிறது, ஆனால் ஒருவர் மனத்துக்குள்ளேயே முடிந்துபோகிறது. கேபேயும் லெ மேயும் அழுத்திச் சொல்வது அது கூட்டாக உருவாகிறது, ஒருவரையொருவர் பார்த்துப் பார்த்து உறுதிப்படுகிறது என்பதை. ‘மனப்பாடம்’ வேண்டவே வேண்டாம், அது நேர் எதிர்.

மைண்ட்லைனுக்குப் பழகுநெறி என்கிறேன். பழகுதல் என்பதில் பயிற்சியும் உண்டு, நாலு பேரோடு பழகுவதும் உண்டு. இங்கே இரண்டும் வேண்டும். ‘நெறி’யை மேலே விரட்டிவிட்டு இங்கே கூட்டிவருகிறாயே என்று கேட்பீர்கள். தாளில் இருக்கும்வரை உரை, நடந்து பழகிய பிறகு நெறி என்று இரண்டையும் பிரிக்கத்தான். ‘வழிகாட்டுரையைப் பழகுநெறியாக்குவது எப்படி?’ என்று எழுதினால் வழிகாட்டுரைகள் நடைமுறைக்கு வருவதை ஆராயும் துறையின் கேள்வி ஒரே வரியில் வந்துவிடுகிறது. ரெப் சொல்லிக் கொடுத்த தவறான பழக்கமும் பழகுநெறிதான் என்பதை மறக்க வேண்டாம். சொல்லில் புகழ்ச்சி தொனிக்கிறது என்று யாராவது ஆட்சேபித்தால் அதில் நியாயம் உண்டு.

‘ஜெனரல் பிராக்டிஷனருக்கு’ப் ‘பொது மருத்துவர்’ வேண்டாம், எம்.டி. பொது மருத்துவத்தோடு குழம்பும். ‘குடும்ப மருத்துவரே’ இருக்கட்டும்.

இன்னொன்று பாக்கி இருக்கிறது. நைஸ் தன் உரைகளில் ஆதாரம் வலுவாக இருந்தால் ‘ஆஃபர்’ என்றும், அவ்வளவு வலு இல்லையென்றால் ‘கன்சிடர்’ என்றும் எழுதுகிறது. முதலாவதற்கு ‘கொடுக்கவும்’ சரிவராது, நோயாளி மறுக்க இடம் வேண்டும். ‘முன்வைக்கவும்’ பொருந்துகிறது. இரண்டாவதுதான் உதைக்கிறது. ‘பரிசீலிக்கவும்’ என்றால் தாலுகா ஆபீஸ் மனு மாதிரி இருக்கிறது, ‘தரலாம்’ என்றால் அனுமதி கொடுத்தது போல ஆகிறது. அக்கா, நீங்கள் மருந்துச்சீட்டு எழுதுகிறவர். உங்கள் வாயில் எது வருகிறது என்று எழுதுங்கள்.