செங்குத்து இறக்கத்துல பின் பிரேக் லிவர் ஹேண்டில்பாரைத் தொடுது, எங்கே தப்பு?

கித்தாமேடு:

மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் பின்னால இருக்குற மலைப்பாதை. மேலே காடு, நடுவுல பழைய கித்தா (ரப்பர்) மரம், கீழே செம்பனை (எண்ணெய்ப்பனை). உச்சியில இருந்து அடிவாரம் வரைக்கும் ஏறக்குறைய 300 மீட்டர் இறக்கம், நீளம் இரண்டு கிலோமீட்டர் சொச்சம். வேர் பின்னிக் கிடக்குற ஆறு கொண்டை ஊசி வளைவு வேற இருக்கு.

வண்டி மலைப்பாதை சைக்கிள், ஹார்ட்டெயில் (முன்னால மட்டும் சஸ்பென்ஷன்), 29 அங்குலச் சக்கரம், முன் ஃபோர்க் அமுங்குறது 130 மி.மீ. மினரல் ஆயில் ஓடுற இரண்டு பிஸ்டன் பிரேக். ரோட்டர் (சக்கரத்தோட சுத்துற பிரேக் தட்டு) முன்னால 180 மி.மீ., பின்னால 160, இரண்டுலயும் ரெசின் பேட் (ரோட்டரைக் கவ்வுற பிரேக் கட்டை). ஆள், பை, தண்ணி எல்லாம் சேர்த்து 85 கிலோ, வண்டி 15.

நாலாவது வளைவு தாண்டினதும் பின் லிவர் மெதுமெதுன்னு ஆகி ஹேண்டில்பார் வரைக்கும் வந்துடுது. கீழே பத்து நிமிஷம் நிறுத்தி வச்சா பழையபடி கெட்டியாயிடுது. முன் பிரேக்குக்கு ஒன்னும் ஆகல. ஆயில் மாத்தி இரண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு. நாலு பிஸ்டன் பிரேக் வாங்கணுமா, இதையே சரி பண்ணிக்கலாமா?

இன்னொன்னு. செங்குத்தான இடத்துல முன் பிரேக்கைத் தொட்டா தலைகுப்புற விழுந்துடுவோம்னு கையே போக மாட்டேங்குது. பின் பிரேக்கை மட்டும் பிடிச்சுக்கிட்டே இறங்கறது தப்பா அண்ணே?

பழையசங்கிலி:

தம்பி, உங்க கேள்வியோட கடைசி வரியிலதான் பதில் இருக்கு. புது பிரேக் வாங்குற பணத்தை இப்போதைக்குப் பத்திரமா வைங்க.

பிரேக் கைவிடுறது இரண்டு வகை. லிவர் கல்லு மாதிரி நிக்குது, வண்டி மட்டும் நிக்கலைன்னா பேட் சூடேறி வழுக்குது, இல்ல பேட்ல எண்ணெய் பட்டிருக்கு. லிவரே உள்ள போய், ஆறினதும் திரும்பி வருதுன்னா கேலிப்பருக்குள்ள, அதாவது பேட்டை ரோட்டர் மேல அமுக்குற பிஸ்டன் இருக்குற பகுதியில, ஏதோ கொதிச்சு ஆவியாகுது. ஆயில் அமுங்காது, ஆவி அமுங்கும். உங்களது இந்த இரண்டாவது வகை.

மினரல் ஆயில் தண்ணியோட கலக்காது. அதை நல்லதுன்னு நினைச்சுடாதீங்க. எப்படியோ உள்ள புகுந்த தண்ணி ஆயிலை விட கனம், அதனால வண்டியிலேயே தாழ்வான இடத்துக்கு, அதாவது கேலிப்பருக்குப் போய்ச் சேரும். சூடு ஏறுற இடமும் அதேதான். ஆயில் தாங்கினாலும் தண்ணி 100 டிகிரியிலயே கொதிக்க ஆரம்பிச்சிடும்.

எவ்வளவு சூடுன்னு கணக்குப் போட்டுப் பாருங்க. 100 கிலோ எடை 300 மீட்டர் இறங்கினா ஏறக்குறைய 294 கிலோஜூல். ஒரு லிட்டர் தண்ணியை 25 டிகிரியில இருந்து 95 டிகிரிக்குக் கொண்டு போயிடலாம். காத்தும் டயரும் ஒரு பங்கு வாங்கிக்கும், மிச்சமெல்லாம் பிரேக்குக்குத்தான். அந்த மிச்சம் மொத்தத்தையும் இருக்குறதுலயே சின்ன ரோட்டர் தலையில கட்டுறீங்க. நாலு பிஸ்டன் போட்டாலும் இப்படியே ஓட்டினா ஆறாவது வளைவுல அதே கதைதான்.

முதல்ல ஆயிலை மாத்துங்க. சக்கரத்தைக் கழட்டி, பேட் இரண்டையும் எடுத்துத் தூரமா வைங்க, ஏன்னா ஒரு சொட்டு பட்டாலும் அந்த பேட் குப்பைக்குத்தான். பேட் இருந்த இடத்துல பிளீட் பிளாக்கை (பிஸ்டன் வெளிய வராம தடுக்குற கட்டை) நுழைச்சு, லிவரைத் தரைக்கு மட்டமா திருப்பி, மேலே புனலை மாட்டுங்க. கேலிப்பர் நிப்பிள்ல (ஆயில் ஏத்துற வாய்) சிரிஞ்சை மாட்டி, புது ஆயிலைக் கீழேயிருந்து மேலே தள்ளணும், காத்தும் அந்தத் திசையிலதான் போக நினைக்கும். தள்ளும்போது ஸ்பேனர் பிடியால குழாயை லேசா தட்டிக்கிட்டே வாங்க. புனல்ல முதல்ல கறுப்பா வரும், அப்புறம் புது ஆயிலோட நிறம் தெரியும், குமிழ் குறையும். குமிழ் சுத்தமா நின்னப்புறம் நிப்பிளை மூடி, லிவரை ஒரு 30 டிகிரி மேல் பக்கமா சாய்ச்சு சின்னச் சின்னதா அமுக்குங்க, அப்புறம் கீழ் பக்கமா சாய்ச்சு அமுக்குங்க. லிவர் மூலையில ஒளிஞ்சிருக்குற கடைசிக் குமிழ் அப்பத்தான் வெளிய வரும். அவசரத்துல இதை விட்டுட்டு, மாத்தியும் பஞ்சு மாதிரி இருக்குன்னு சொல்றவங்கதான் நிறைய.

ஒன்னே ஒன்னு கவனம். டவுன்ல மோட்டார் கடையில போய் பிரேக் ஆயில்னு கேட்டா டாட் 4 எடுத்துக் குடுப்பாங்க. அது மினரல் ஆயில் பிரேக்குக்கு விஷம். சீல் ஊதிப் போய் பிஸ்டன் திரும்பாது, லிவரையும் கேலிப்பரையும் சேர்த்துத் தூக்கிப் போட வேண்டியதுதான். மினரல் ஆயில் வர்ற வரைக்கும் மலைக்குப் போகாம இருங்க.

வேர்ப்பாதை:

பழையசங்கிலி அண்ணன் சூட்டுக் கணக்கைப் பார்த்துட்டார், நான் கால் கை விஷயத்துக்கு வர்றேன்.

இறக்கத்துல எடை தானா முன் சக்கரத்துக்குப் போகும். பிடிமானம் அங்கதான் இருக்கு. பின் சக்கரத்து மேல எடையே இல்லாதப்ப அதை மட்டும் பிடிச்சா பூட்டிக்கிட்டு இழுத்துட்டுப் போகும், பாதையையும் உழுது வைக்கும். அடுத்த மழையில அந்தக் கோடு ஓடையாயிடும்.

தலைகுப்புற விழறது முன் பிரேக்கால மட்டும் இல்ல. கை இரண்டும் நேரா நீட்டி, பின்பக்கம் சீட்டுக்குப் பின்னால தொங்கிக்கிட்டு இருக்கும்போது முன் சக்கரம் ஒரு வேர்ல முட்டினா, ஹேண்டில்பார் உங்களை முன்னால இழுத்துடும். அந்த நிலையில கையில மடங்க இடமே இல்ல. அதனால சீட்டை முழுசா இறக்குங்க. பெடல் இரண்டும் மட்டமா இருக்கட்டும், குதிகாலை அழுத்தி இறக்குங்க. இடுப்புல இருந்து மடங்கி, தாடை ஏறக்குறைய ஸ்டெம்முக்கு (ஹேண்டில்பாரைப் பிடிச்சிருக்குற துண்டு) மேல வரணும், முழங்கை வெளிப்பக்கமா விரியணும். எடை காலுல இருக்கா, கையில இருக்கான்னு சோதிக்க ஒரு வழி: ஓடும்போதே விரல் பிடியை ஒரு நொடி தளர்த்திப் பாருங்க. உடம்பு முன்னாலயும் சாயாம பின்னாலயும் விழாம நின்னா சரி.

பிரேக்குக்கு ஒரு கைக்கு ஒரு விரல் போதும். ஆள்காட்டி விரல் லிவரோட நுனிக் கொக்கியில உக்காரணும். பலபேர் வண்டியில லிவர் கிரிப்பை ஒட்டி இருக்கும், விரல் லிவர் நடுவுல விழும், அதனாலேயே இரண்டு விரல் தேவைப்படுது, கை வலிக்குது. லிவரைப் பிடிச்சிருக்குற கிளாம்ப்பைத் தளர்த்தி உள்பக்கமா நகர்த்துங்க.

எங்க பிடிக்கறதுங்கறது எவ்வளவு பிடிக்கறதை விட முக்கியம். வேர் வர்றதுக்கு முன்னால சக்கரம் நேரா இருக்குற கெட்டி மண்ணுல இரண்டு பிரேக்கும் நல்லா பிடிச்சு வேகத்தைக் குறைச்சுடுங்க. வேர் மேல ஏறும்போது விட்டுடுங்க. ஈர வேர்ல பிடிமானம் கொஞ்சம்தான், அதைப் பிரேக்குக்குச் செலவு பண்ணினா வழிமாத்த ஒன்னும் மிஞ்சாது. வேரைக் குறுக்கா, செங்கோணத்துக்குப் பக்கமா கடங்க. சாய்வா ஓடுற வேர்தான் சக்கரத்தைக் களவாடும். இப்படி விட்டு விட்டுப் பிடிச்சா ரோட்டருக்கும் ஆற நேரம் கிடைக்கும்.

கொண்டை ஊசிக்கு வெளி ஓரமா அகலமா நுழைஞ்சு, முன் சக்கரம் திருப்பத்தோட உச்சியைத் தாண்டுற வரைக்கும் பொறுங்க. சீக்கிரம் திருப்புறதுதான் எல்லாரும் பண்ற தப்பு. திருப்பத்துக்குள்ள பின் பிரேக்கை மட்டும் லேசா இழுத்துக்கலாம், முன்னதை விட்டுடணும். பார்வை பள்ளத்துல இல்ல, வெளியேறுற பாதையில இருக்கட்டும்.

முன் பிரேக் பயம் போக, திடல்ல புல்லு சரிவு ஒன்னைத் தேர்ந்தெடுத்து முன் பிரேக்கை மட்டும் வச்சு நிறுத்திப் பழகுங்க. லிவரை வெடுக்குன்னு பிடிக்காம, பால் கறக்குற மாதிரி அழுத்திக் கொண்டு வரணும்.

கீழ்டிவிஷன்:

பிரேக்கைப் பத்திச் சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டாங்க, அந்தப் பாதையைப் பத்தி மட்டும் நான் சொல்றேன். செம்பனையில வெட்டின மட்டையை ஒரு வரிசை விட்டு ஒரு வரிசைதான் அடுக்குவாங்க. மட்டை இல்லாத வரிசையிலேயே இறங்குங்க, மட்டை அடிப்பக்க முள்ளு டியூபைச் சும்மா விடாது. டியூப்லெஸ் ஆக்கிட்டா 29 அங்குலம், 2.4 அகல டயருக்கு 100 மி.லி. சீலன்ட் (ஓட்டையை அடைக்குற திரவம்) ஊத்துங்க. நம்ம வெயிலுக்கு இரண்டு மூனு மாசத்துல காஞ்சிடும், திறந்து பார்த்து ஊத்தணும். உங்க எடைக்குக் காத்து முன்னால 23, பின்னால 26 பிஎஸ்ஐல ஆரம்பிக்கலாம். மரத்தடியில சிதறின பழத்து மேல ஏறாதீங்க, நசுங்கினா எண்ணெய்தான்.

பிப்ரவரி மார்ச்ல கித்தா இலை கொட்டி வேரெல்லாம் மூடிக்கிடும். அப்போ முதல் இறக்கம் நடந்துதான். குலை வெட்டுற நாள் எதுன்னு தோட்ட ஆபிஸ்ல கேட்டு, அனுமதி வாங்கிட்டுப் போங்க. தலைக்கு மேல அரிவாள் இருக்குற வரிசையில சைக்கிளுக்கு வேலை இல்ல.

கித்தாமேடு:

நன்றி அண்ணே, நன்றி அக்கா. ஆயில் சொல்லி வச்சாச்சு. பின்னாலயும் 180 ரோட்டர் போடலாமா? மெட்டல் பேட் போட்டா பிடி கூடுமா?

பழையசங்கிலி:

போடலாம், ஆனா ஃபிரேம் பின்னால 180 தாங்கும்னு அதைச் செஞ்சவங்க சொல்லியிருக்கணும், முதல்ல அதைப் பாருங்க. கேலிப்பரை 20 மி.மீ. ரோட்டர் வித்தியாசத்துக்குத் தூக்குற அடாப்டர் ஒன்னும் வேணும்.

மெட்டல் பேட் சூட்டை நல்லா தாங்கும், ஈரத்துலயும் சேத்துலயும் சீக்கிரம் தேயாது. ஆனா கத்தும். ரெசின் பேட் மட்டும்னு ரோட்டர்லயே பொறிச்சிருந்தா மெட்டல் போடாதீங்க, அந்த இரும்பு மெத்து, சட்டுன்னு தேஞ்சிடும். ரோட்டர் மாத்தும்போது ரோட்டர், பேட் இரண்டையும் சேர்த்து மாத்துறதுதான் சரி.

புதுசு மாட்டினதும் நேரா மலைக்குப் போகாதீங்க. ஃபேக்டரி ரோடு மாதிரி தட்டையான இடத்துல மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்துல இருந்து நடை வேகத்துக்குக் குறைங்க, சக்கரம் பூட்டவும் கூடாது, முழுசா நிக்கவும் கூடாது. முன்னால தனியா இருபது தடவை, பின்னால தனியா இருபது தடவை. பத்தாவது தடவைக்குள்ள பிடி ஏறுறது கையிலேயே தெரியும்.