அமெரிகார்ப்ஸ் இடங்களைக் கூட்டும் மசோதா: ஆதரவு திரட்டுவது எப்படி?

கேள்வி: அமெரிக்க அரசின் சமூக சேவைத் திட்டமான அமெரிகார்ப்ஸில் சேவை இடங்களைக் கூட்டும் மசோதாவுக்கு ஆதரவு திரட்டுகிறோம். ஆன்லைன் மனுவில் கையெழுத்து வாங்கினால் போதுமா? குழுவில் இருவர் இப்போது அமெரிகார்ப்ஸ் பணியில் இருக்கிறார்கள். அவர்களைப் பேச வைக்கலாமா?

பதில் 1: முதலில் அந்த இருவர். பணி நேரத்தில் மசோதாவுக்கு ஆதரவு திரட்டுவது விதிப்படி தடை. சொந்த நேரத்தில், சொந்தச் செலவில், அமெரிகார்ப்ஸ் சட்டையோ சின்னமோ இல்லாமல் வரலாம். பணி முடித்தவர்கள் கிடைத்தால் அவர்களையே முன்னிறுத்துங்கள், வம்பே இல்லை.

பதில் 2: மனுவுக்கு மதிப்பு குறைவுங்க. உங்கள் அமெரிக்க நாடாளுமன்ற (காங்கிரஸ்) உறுப்பினரின் தொகுதி அலுவலகத்தில் நேரம் வாங்கி நாலைந்து பேர் போங்கள். எல்லாரும் அந்தத் தொகுதிக்காரர்களாக இருக்கணும். ஜிப் கோடை (அஞ்சல் குறியீட்டை)த்தான் முதலில் கேட்பார்கள். மசோதா எண்ணைச் சொல்லி, "உறுப்பினர் இணை முன்மொழிபவராக, அதாவது மசோதாவை ஆதரித்துத் தன் பெயரையும் சேர்ப்பவராக, சேருவாரா?" என்று நேராகக் கேளுங்கள். "சேவையை ஆதரியுங்கள்" என்றால் தலையாட்டி அனுப்பிவிடுவார்கள். வாஷிங்டனுக்குத் தபால் வேண்டாம். 2001 ஆந்த்ராக்ஸ் தாக்குதலுக்குப் பிறகு பாதுகாப்புச் சோதனையால் தாமதமாகும்.

பதில் 3: மசோதா நிறைவேறினால் மட்டும் ஆட்களின் எண்ணிக்கை கூடிவிடாது. 2009 எட்வர்ட் கென்னடி சட்டம் 75,000 இடங்களை 2017க்குள் 2,50,000 ஆக்க அனுமதித்தது. எட்டவே இல்லை. அனுமதிச் சட்டம் வேறு, ஆண்டுதோறும் பணம் ஒதுக்கும் சட்டம் வேறு. பலர் கோட்டை விடுவது இங்கேதான். தொழிலாளர், சுகாதாரம், கல்விக்கான நிதி ஒதுக்கீட்டுத் துணைக்குழுவுக்கு உங்கள் உறுப்பினர் கோரிக்கை அனுப்புவாரா என்றும் கேளுங்கள். இதற்கான காலம் பெரும்பாலும் வசந்தகாலம். அலுவலகம் வைக்கும் கெடு அதற்கும் முன்பே முடிந்துவிடும், போனில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கேட்டவர்: நன்றி. அப்படியானால் இரண்டு கோரிக்கையையும் ஒரே தாளில் அடித்துக் கொடுத்துவிடலாமா?

பதில் 3: தாராளமாக. ஒரு பக்கம் தாண்டாதீர்கள். தொகுதியில் அமெரிகார்ப்ஸ் ஆட்கள் வேலை செய்யும் பள்ளிகள், உணவு வங்கிகளின் பெயர் கட்டாயம் இருக்கட்டும்.